ஏரிக்கு எத்தனை குதிரை?

“அஞ்சு குதிரைச் சக்திக்கு மேல ஒரு படகும் இந்த ஏரியில இறங்கக் கூடாது, துரை.”

நாற்காலியைக் காட்டியும் தனலெட்சுமி உட்காரவில்லை. நின்றபடியே பேசினாள்.

சுங்கை வே பக்கம் ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளத்தில் மழைநீர் நிறைந்து ஏரியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்றால் கோலாலம்பூரில் பாதி அங்கேதான். படகுச் சங்கத்தின் தலைவரான வெள்ளைக்காரத் துரை, கெடா ரப்பர் தோட்டத்திலிருந்து மாற்றலாகி வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. பேசுமளவுக்குத் தமிழ் தெரியும். இங்கே ஆள் யாரையும் தெரியாது. மோட்டார் படகுகளின் இஞ்சின் சக்திக்கு வரம்பு வேண்டுமா என்று தீர்மானிக்கக் கூட்டம் போட்டிருந்தார்.

வேண்டும் என்று தனலெட்சுமி. வேண்டவே வேண்டாம் என்று எதிர் மூலையில் நாகையா, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே பட்டறை ஃபிட்டர்.

போன வருஷம் நடந்ததை அவள் சொன்னாள். அவளுடைய மகள் துடுப்புப் படகில் போய்க்கொண்டிருந்தாள். இருபது குதிரை இஞ்சின் பூட்டிய படகு ஒன்று பக்கத்தில் சீறிப் போனது. அது கிளப்பிய அலையில் துடுப்புப் படகு கவிழ்ந்தது. மகள் திரும்பவில்லை. இன்னொரு தாய்க்கு இது வரக் கூடாது. வரம்பு போடாமல் வீட்டுக்குப் போவதில்லை என்றாள்.

நாகையா எழுந்தான். அன்று தானும் கரையில் நின்றதாகச் சொன்னான்.

“துடுப்புப் போட்டுக்கிட்டுப் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு, துரை. கரையில வேகமான படகு ஒண்ணு இருந்திருந்தா பொண்ணு பொழைச்சிருக்கும். திரும்பிப் பார்க்காமப் போனவன் மேல தப்பு. இஞ்சின் என்ன பண்ணும்? விட்டா ரயிலையும் மாடு கட்டி இழுக்கச் சொல்லுவாங்க.”

உறுப்பினர்கள் சிரித்தார்கள். தனலெட்சுமி சிரிக்கவில்லை.

“இஞ்சினுக்கு எண்ணெய் போட்டுப் போட்டு அவரு மனசும் வழுக்குது, துரை.”

நாகையாவின் முகம் சிறுத்தது. இந்த இருவரையும் ஒரே அறையில் வைத்திருப்பதே ஆபத்து என்று துரைக்குப் பட்டது. அவசரமாக ஒரு வழி சொன்னார். எல்லாப் படகுக்கும் ஐந்து குதிரைதான். ஆபத்துக்கு மட்டும் இருபது குதிரைப் படகு ஒன்று துறையில் தயாராக நிற்கும்.

“அதை எவன் ஓட்டுவான்?” என்றாள் தனலெட்சுமி.

“நான் ஓட்டுறேன்” என்றான் நாகையா. “ஞாயித்துக்கிழமை பூரா இங்கயே கெடக்குறேன். சம்பளம் வேணாம்.”

அவள் ஜன்னல் வழியே தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “அவரு ஓட்டுறதுன்னா எனக்குச் சம்மதம்” என்றாள்.

துரைக்கு ஆச்சரியம். பேனாவை எடுத்தார். வரம்பை முன்மொழிந்தவரே ஓட்டுகிறவரின் பெயரையும் சொல்ல வேண்டும், அது சங்கத்து முறை என்றார்.

தனலெட்சுமி வாய் திறக்கவில்லை. மறுபடி கேட்டார். தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள்.

“பெயரைக்கூடச் சொல்ல முடியாத அளவுக்கு இந்த மனிதர் மேல் கோபமா, அம்மா?”

நாகையா மேசையருகே வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

“கோபமில்ல, துரை. புருஷன் பேரை அவ வாயால சொல்ல மாட்டா. நாகையான்னு எழுதிக்குங்க, அந்தப் பொண்ணுக்கு நான்தான் அப்பன்.”