சத்தம் வராத ஊர்

நிவாரணத் தகவல் தளத்தில் வடிவமைப்பாளராக இருந்த அவள், பார்வையற்றவர்களுக்காக வெள்ளச் சேத வரைபடத்தை ஒலியாக மாற்றியிருந்தாள். விரல் பட்டதும் அது ஊர்ப் பெயரைச் சொல்லி மணி அடிக்கும். சேதம் கூடக் கூட மணியும் கூடும்.

அதைச் சோதித்துப் பார்க்க வந்த பார்வையற்ற டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரே ஊரைத் திரும்பத் திரும்பத் தொட்டார்.

"என்னம்மா, இந்த ஊருக்கு மட்டும் மணியே அடிக்கல? கெட்டுப்போச்சா?"

"நல்லாத்தான் இருக்கு டீச்சர். சேதம் இல்லேன்னா சத்தம் வராது."

டீச்சர் நாற்காலியில் சாய்ந்தார்.

"என் வயித்துல பால வார்த்தேம்மா! என் தங்கச்சி ஊரு அது. நாலு நாளா போன் எடுக்கல. வரட்டும், காதைத் திருகுறேன்."

அவளும் சிரித்தாள். எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அந்த ஊரின் விவரத்தைத் திறந்தாள். சேதம் என்ற கட்டத்தில் பூஜ்யம் இல்லை. எதுவுமே இல்லை.

அவள் எழுந்து வந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், நான் தப்பாச் சொல்லிட்டேன். கணக்கெடுக்க அந்த ஊருக்குள்ள இன்னும் யாராலயும் போக முடியல."