நின்றுபோன படம்

மடிக்கணினியைக் கவிழ்த்துப் போட்டு முதல் திருகைக் கழற்றும்போதே யென்-ஹாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

எதிரே அம்மா, கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். தைவானின் தைனான் நகரச் சந்தையில் மீன் விற்கிறவள். வியாபாரத்தை விட்டுவிட்டுக் கடை கடையாக ஏறி இறங்கி, இந்தப் பழைய பெட்டிக்குப் பொருந்துகிற மெமரியை வாங்கி வைத்திருந்தாள். கடைக்காரர் தானே போட்டுத் தருவதாகச் சொன்னாராம். என் பிள்ளை வந்து போடுவான் என்று கையில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வாங்க வைத்தவன் அவன்தான்.

"உன் கம்ப்யூட்டர் பழசும்மா, மெமரி பத்தல. அதான் பேசப் பேச என் படம் நின்னுடுது" என்று போன மாதம் அளந்துவிட்டிருந்தான்.

படம் எங்கே நின்றது? நின்றதெல்லாம் அவன்தான்.

வேலை பார்க்கும் சின்சூவிலிருந்து ஞாயிறுதோறும் வீடியோவில் பேசுவான். அம்மா முட்டிவலி, பக்கத்துக் கடைக்காரியின் மருமகள், உனக்கு எப்போது கல்யாணம் என்று ஆரம்பித்ததும், வாயைப் பாதி திறந்தபடி அப்படியே அசையாமல் இருந்துவிடுவான். கண்ணைக்கூட இமைக்க மாட்டான். அம்மா அவன் பெயரைச் சொல்லி நாலு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள்.

பெற்றவளிடம் செய்கிற வேலையா இது.

பேட்டரியைக் கழற்றினான். பழைய மெமரித் தகட்டின் இரண்டு பக்கக் கொக்கிகளையும் விலக்கியதும் அது தானாக எழும்பியது. புதியதைச் சாய்த்துச் செருகி அழுத்தினான். டக்கென்று உட்கார்ந்தது. எல்லாவற்றையும் மூடிக் கணினியைப் போட்டதும், மெமரி இரண்டு மடங்கு என்று காட்டியது.

வீடியோவில் பேச முன்பு இருந்ததே தாராளம். சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. வெட்கத்தில், கழற்றிய பழைய தகட்டைத் துடைக்க ஆரம்பித்தான்.

அம்மா உள்ளே போய்ப் பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலம் ஒன்றை எடுத்துவந்தாள். அந்தத் தீனியின் பெயரே 'சமத்தா இரு'. தைவானில் வங்கியோ ஆஸ்பத்திரியோ, இயந்திரம் என்று ஒன்று இருந்தால் அதன் தலையில் ஒரு பொட்டலம் இருக்கும். அடம்பிடிக்காமல் ஓட வேண்டுமே.

அவன் கணினிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினான்.

அவள் அதைத் தாண்டிப் போய், அவனுடைய பையைத் திறந்து பொட்டலத்தை உள்ளே வைத்தாள்.

"அது சமத்தாத்தான் இருக்குடா. நீ அசையாம உக்காந்திருக்கிறப்போ, உன் பின்னாடி திரைச்சீலை ஆடிக்கிட்டே இருக்கும்."