பிரிக்காத பொட்டலம்

அன்று குலதெய்வக் கோயிலில் இருந்தவர்கள் நான், என் தம்பி குமரவேல், அவன் மனைவி ருக்குமணி, அவர்கள் மகள் மிதுலா, பூசாரி ஆறுச்சாமி. ஐந்தே பேர். மிதுலாவுக்கு டில்லியிலும் சென்னையிலும் பேர்பெற்ற பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருந்தது. அவள் டில்லி என்றாள். ஒரே மகளை அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டேன், சென்னைதான் என்றான் தம்பி. அம்மனிடம் பூக்கேட்டு விடலாம் என்று நான்தான் சொன்னேன். சிவப்புப் பூ வந்தால் டில்லி, வெள்ளை வந்தால் சென்னை. இரண்டையும் வாழையிலையில் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டியவன் தம்பி. மிதுலா ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

"பெரியப்பா, இன்னொன்னையும் பிரிச்சுப் பாத்தரலாங்களா?"

தம்பியின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"ஆத்தா சொன்னதச் சோதிச்சுப் பாக்கற வழக்கம் நம்ம குடும்பத்துல இல்ல, கண்ணு" என்று சொல்லி, அதை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அவள் சென்னைக்குப் போய் இரண்டு வருடமாகிறது. ஞாயிறுதோறும் எனக்குப் போன் செய்வாள். நலம் விசாரிப்பதில்லை.

"அது இருக்குதுங்களா, பெரியப்பா?"

"இருக்குது."

வைத்துவிடுவாள். பிறகு நான் பீரோவைத் திறப்பேன், மூடுவேன், மறுபடி திறப்பேன். இலை காய்ந்து சுருண்டுவிட்டது. நார் மட்டும் இறுகியே இருக்கிறது.

இரண்டிலும் வெள்ளைப் பூதான் இருந்தது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. ஒன்றில் வெள்ளை இருந்தது. மற்றதை யாரும் பிரிக்கவில்லை.