கீலுக்கும் ஒரு பொட்டு

மலேசியாவின் பெட்டாலிங் ஜெயா அலுவலகத்தில் ஷர்மளா திரையை முறைத்துக்கொண்டிருக்கிறாள். செவ்வாயைச் சுற்றும் விண்கலத்தில் அவர்கள் செய்துகொடுத்த ஆன்டெனா, கீல் மாட்டிக்கொண்டு பாதி விரிந்தபடி நிற்கிறது. சூடுபட்டால் இளகுமென்று விண்கலத்தையே சூரியன் பக்கம் திருப்பியாயிற்று, அசையவில்லை. "கீல் உன் டிசைன்தானே?" என்று காலையிலிருந்து ஆளாளுக்குக் கேட்டதில் அவளுக்கு ரத்தம் கொதிக்கிறது. இன்று ஆயுத பூசை வேறு. முதலாளி பரமேஸ்வரன் ஊதுபத்திப் புகைக்குள்ளிருந்து சந்தனக் கிண்ணத்தோடு வந்து அவளுடைய கணினிக்குப் பொட்டு வைக்கிறார். "கோபப்படாத லா, சாமி பார்த்துக்கும்." பிறகு அவரே முகம் வாடுகிறார். "அனுப்புறதுக்கு முன்னால அந்தக் கீலுக்கும் நல்லா அப்பித்தானே விட்டேன்?" ஷர்மளாவின் கழுத்து மெல்லத் திரும்புகிறது. பக்கத்துப் பிரிண்டர் மூடியில் போன வருஷத்துச் சந்தனம் கல்லாய் இறுகிக் கிடக்கிறது. அவரைப் பார்த்தபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு, நகத்தால் அதைச் சுரண்டுகிறாள். அசையவே இல்லை.