நிராசவா கோப்பை, மூன்றாம் பந்தயம்

"மெடலைக் கழட்டி வீட்ல வச்சிட்டு வாடா நிராசவா! அந்த வெயிட்டுலதான் உன் சைக்கிள் நகர மாட்டேங்குது!"

கம்பி வேலியைப் பிடித்து உலுக்கிக் கத்தினார் மொச்சிசுகி கிழவர். கழுத்தில் துண்டு, காதில் சிவப்புப் பென்சில், கையில் பணம் கட்டிய பந்தயச் சீட்டு.

அவருக்குப் பின்னால் நின்ற சயோகோ முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். நிராசவாவின் மனைவி அவள். அது இங்கே யாருக்கும் தெரியாது.

இருபது வருடமாக இதே வேலி, இதே வாய். கையிலிருக்கும் குடல் கறிக் கிண்ணத்தை அந்த ஆளின் தொப்பியில் கவிழ்த்தால் என்ன என்று வரும்போதெல்லாம் தோன்றும்.

காலையில் வேறு ஒரு கூத்து நடந்தது. இன்றைய பந்தயங்களுக்கு அவள் கணவன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். என்றைக்கோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கி வந்தவனுக்கு ஊர் செய்யும் மரியாதை. ரயில் நிலைய வாசலில் அவன் கைத்தடம் பதித்த வெண்கலப் பலகை ஏற்கெனவே இருக்கிறது. மழை நாளில் ஆட்கள் அதன்மேல் குடையைச் சாய்த்து வைக்கிறார்கள்.

மேயர் பூங்கொத்தைக் கொடுத்து, இடுப்பு ஒடியக் குனிந்து, ஒலிபெருக்கியில் கேட்டார்: "இந்த சைக்கிள்ல பிரேக்கே கிடையாதாமே, பயமா இருக்காதா?"

போன வருடமும் அதையேதான் கேட்டார்.

"இன்னிக்குக் கோப்பையும் உங்களுக்குத்தானே?" என்று வேறு சேர்த்துக்கொண்டார். வேலியோரம் கொல்லென்று சிரித்தது. கோப்பைக்கான பந்தயம் சாயங்காலம். அதில் ஓட்டும் தகுதியை நிராசவா இழந்து எத்தனையோ நாளாகிறது. தன் பெயர் போட்ட திருநாளில், கடைநிலைக்காரர்களின் காலைக் கும்பலோடு மூன்றாம் பந்தயத்தில் ஓட்டுகிறான்.

மெடலைக் கும்பிடுகிறவர்களுக்குப் பந்தயம் தெரியாது. பந்தயம் தெரிந்தவர்கள் மெடலைச் சீந்துவதில்லை. இரண்டுக்கும் நடுவில், முறிந்து முறிந்து ஒட்டிய தோள்பட்டைக்கு மருந்துப் பட்டை ஒட்டிவிடுகிறவள் சயோகோ.

'போதும், விட்டுடுங்க' என்று அவள் கெஞ்சாத நாள் இல்லை. 'இன்னும் ஒரு வருஷம்' என்பதே எப்போதும் பதில். இந்த முறைதான் வாசலில் செருப்பை மாட்டும்போது கொஞ்சம் இறங்கி வந்தான். "இந்தத் தடவை ஓட்டிப் பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இன்று வந்திருக்கிறாள்.

"நீங்க யாரு மேலம்மா காசு கட்டியிருக்கீங்க?" மொச்சிசுகி திரும்பிக் கேட்டார்.

"அஞ்சு." கணவனின் எண்ணைச் சொன்னாள்.

"மஞ்சச் சட்டையா? அடப் பாவமே! அந்தக் காசுக்கு இன்னொரு கிண்ணம் கறி தின்னிருக்கலாம்."

சயோகோ பல்லைக் கடித்துக்கொண்டாள்.

துப்பாக்கி வெடித்தது. ஏழு சைக்கிள்களும் ஒன்றன்பின் ஒன்றாக, பூசைக்குப் போவதுபோல் மெதுவாகச் சுற்றின. கடைசிச் சுற்றுக்கான மணி அடிக்கத் தொடங்கியதும் மஞ்சள் சட்டை வெளியே பாய்ந்தது.

அவன் அப்படித்தான். மணி அடித்தால் முன்னால் போய்விட வேண்டும். அடுத்தவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து காற்றுக்குத் தப்பிக்கத் தெரியாது.

பாதிச் சுற்று தாங்கினான்.

அப்புறம் கறுப்பு தாண்டியது. சிவப்பு, பச்சை, எல்லாமே தாண்டின. முடிவுக் கோட்டை மற்றவர்கள் கடந்து, கைகளைத் தளர்த்தி, மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் மஞ்சள் வந்து சேர்ந்தது.

சயோகோ கண்ணை மூடிக்கொண்டாள். இனி வரும் வசவு. அழுகல் முட்டைக்கோசு, வெண்கலப் பொம்மை, பெண்டாட்டி முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள், எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

ஒன்றும் வரவில்லை.

கண்ணைத் திறந்தாள். மொச்சிசுகி தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார். பக்கத்தில் நின்றவரும் தட்டினார். வேலி நெடுக மெல்ல, மரியாதையாக, கைகள் தட்டின.

"ரொம்ப நல்லா ஓட்டினீங்க நிராசவா சான். இத்தனை வருஷம் ரொம்ப நன்றிங்க." மொச்சிசுகியின் வாயில் 'டா' போய் 'சான்' என்ற மரியாதை வந்திருந்தது.

வசவுக்காகத் தலையைக் குனிந்தபடி வேலியோரம் உருண்டு வந்த நிராசவா நிமிர்ந்தான். அந்த முகத்தைச் சயோகோ பார்த்தாள். எத்தனையோ முறை விழுந்து ஸ்ட்ரெச்சரில் போனபோதுகூட அவன் முகம் அப்படி இருந்ததில்லை.

அவன் ஜெயிப்பான் என்று இனி இந்த வேலியில் ஒருத்தர்கூட நினைக்கப்போவதில்லை. அது அவனுக்கும் புரிந்துவிட்டது.

அவள் வாய் திறக்கத் தேவையே இல்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் அவனே வீட்டுக்கு வந்து, 'சரி, விட்டுட்டேன்' என்று சொல்லிவிடுவான். அவள் கேட்டது அதைத்தான்.

முகக்கவசத்தைப் பிடுங்கிக் கீழே எறிந்தாள். மொச்சிசுகியை இடித்துத் தள்ளிக்கொண்டு வேலியைப் பிடித்தாள்.

"டேய் நிராசவா! தூங்கிட்டே ஓட்டறியாடா? பாதிச் சுத்துல படுத்துக்கறதுக்கா வாய் கிழிய 'இன்னும் ஒரு வருஷம்'னு கேக்கற? ஒழுங்கா மிதிடா, கட்டையில போறவனே!"

கைதட்டல் சட்டென்று நின்றது.

மொச்சிசுகி அதிர்ந்துபோய் அவளைப் பார்த்தார். "என்னம்மா இப்படிப் பேசறீங்க! நாட்டுக்கே மெடல் வாங்கிக் குடுத்தவரும்மா அவரு. கொஞ்சம் மரியாதையாப் பேசுங்க."

மரியாதையாம்! சயோகோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோடு மல்லுக்கட்ட நேரமில்லாமல் எட்டிப் பார்த்தாள்.

நிராசவா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தோள் குலுங்கியது. சிரிக்கிறான். பிறகு, பந்தயம் முடிந்த பாதையில், யாரும் கேட்காமலே இருக்கையைவிட்டு எழுந்து நின்று மிதிக்க ஆரம்பித்தான்.

போச்சு. தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாள். இன்னும் ஒரு வருஷம்.