வெள்ளம் வராத வீடு

"அடியே மூக்காயி, கிணத்த மூடுனியா இல்லையா? ஆபீசர் வார நேரமாச்சு!"

"மூடிட்டேன், மூடிட்டேன். பலகையப் போட்டு மேல வைக்கோலையும் பரப்பிட்டேன். நீங்க மொதல்ல சட்டையப் போடுங்க!"

பொன்னுத்துரைக்கு இருப்புக் கொள்ளவில்லை. செம்பட்டிக்குத் தெற்கே, கண்மாய்க் கரையை ஒட்டி, தக்காளியும் வெங்காயமும் விற்றுச் சேர்த்த காசில் கட்டிய வீடு அது. போன ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பி வழிந்து, முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் உள்ளே புகுந்து, பின்பக்கச் சுவரைச் சாய்த்துவிட்டுப் போனது. எப்படியோ சுவரை எழுப்பிவிட்டார். இன்னொரு தடவை விழுந்தால் எழுப்ப அவரிடம் தெம்பு இல்லை.

அந்த நேரத்தில்தான் திண்டுக்கல்லிலிருந்து டிவிஎஸ் ஐம்பதில் வந்து இறங்கிய இன்சூரன்ஸ் ஏஜென்ட் அசோக்குமார் அவர் வயிற்றில் பாலை வார்த்தான். வெள்ளத்துக்கும் இன்சூரன்ஸ் உண்டாம்! வருஷா வருஷம் கொஞ்சம் கட்டி வந்தால், வெள்ளத்தில் வீடு சேதமாகும்போது கம்பெனியே பணம் கொடுத்துவிடுமாம்.

"ஆனா ஒண்ணு. ஆபீசர் வந்து வீட்டப் பாப்பாரு. தண்ணி எம்புட்டு ஏறுச்சுன்னு உள்ளதச் சொல்லிருங்க. கட்டுற பணம் கொஞ்சம் கூடும், அம்புட்டுத்தான். மறைச்சீங்க, பின்னால ஒத்தப் பைசா தேறாது" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனான்.

பொன்னுத்துரை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டார். தண்ணீர் வரும் என்று தெரிந்தால் எவன் இன்சூரன்ஸ் கொடுப்பான்? அவருக்கா தெரியாது! சுவரில் இருந்த கறை சுண்ணாம்புக்குள் போனது. கோடையிலும் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் நிற்கும் கிணறு வைக்கோலுக்குள் போனது.

"பொன்னுத்துரை வீடு இதுதானே?"

வாசலில் பேன்ட், வெள்ளைச் சட்டை, கையில் ரெக்சின் பையோடு ஒருவர் நின்றார்.

"வாங்க சார், வாங்க! உங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்கோம்."

வந்தவர் திகைத்தார். "அடடே, சொல்லாம வந்து பாக்கணும்னுல்ல நெனச்சேன்!"

"அதனால என்ன சார்? எங்ககிட்ட ஒளிவு மறைவே கெடையாது."

வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார்.

"வீடு நல்லாக் கட்டியிருக்கீங்க. எத்தன பேரு இருக்கீங்க?"

"நாங்க ரெண்டு பேரு, ஒரே பையன் அய்யனாரு. கொடைரோட்டுல லாரி ஒர்க்‌ஷாப்புல இருக்கான் சார்."

"கண்மாய் பக்கத்துலயே இருக்கே, நெறையுமா?"

பொன்னுத்துரை உஷாரானார். வந்துவிட்டார் விஷயத்துக்கு! வைகாசி வெயிலில் கண்மாய் காய்ந்து கிடந்தது நல்ல வசதியாகப் போயிற்று.

"பேருதான் சார் கண்மாய். அதுல தண்ணியப் பாத்து எட்டு வருசமாச்சு. ஆடு மேயுது, நீங்களே பாருங்க!"

"மழை?"

"மேகம் எங்க ஊரக் கண்டாலே சேவுகம்பட்டிப் பக்கமா ஒதுங்கிப் போயிரும் சார்."

"கெணறு இருக்குமே?"

இப்போது மூக்காயி முன்னால் வந்தாள். "இருந்துச்சு சார். தூந்து போச்சு" என்று வைக்கோலைக் காட்டினாள். "குடிக்கிற தண்ணிக்குத் தெனமும் ரெண்டு மைலு நடக்கேன். இடுப்பே விட்டுப் போச்சு." இடுப்பைப் பிடித்தபடி நொண்டி நொண்டி நடந்தும் காட்டினாள்.

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் இவளுக்குள் இப்படி ஒரு நடிகை இருப்பது தெரியாமல் போயிற்றே என்று பொன்னுத்துரை பூரித்துப்போனார்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு ஒச்சம்மாள் வெறுங்குடத்தோடு உள்ளே நுழைந்தாள். "மூக்காயி, ஒரு குடம் எறைச்சுக்கிறேன்த்தா."

பொன்னுத்துரை பாய்ந்து குறுக்கே போய் நின்றார். "இங்க ஏது மதினி தண்ணி? நாங்களே நாக்கு வறண்டு கெடக்கோம்!" என்று கண்ணால் ஒரு ஜாடை காட்டினார். ஒச்சம்மாள் மிரண்டுபோய், கொண்டுவந்த குடத்தை அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

வந்தவர் அந்த வெறுங்குடம் தெருக்கோடி திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார். முகம் வாடிப்போயிருந்தது.

நம்பிவிட்டார்! மனுஷன் முழுசாக நம்பிவிட்டார்! பொன்னுத்துரைக்கு அங்கேயே ஒரு ஆட்டம் போடலாம் போலிருந்தது. மூக்காயி அரை டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து, "இருக்குறது இம்புட்டுத்தான் சார்" என்று நீட்டினாள்.

"வேணாம்மா. ரெண்டு மைலு சொமந்த தண்ணி, எனக்கு எறங்காது" என்றார் வந்தவர்.

பொன்னுத்துரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எல்லாந்தான் பாத்துட்டீங்களே சார். அப்ப முடிச்சிரலாம்ல?"

வந்தவர் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. உங்களயும் பிடிச்சிருக்கு, வீடும் பிடிச்சிருக்கு. ஆனா எங்க குஜிலியம்பாறைப் பக்கம் எம்மக முனீஸ்வரி சின்னப் புள்ளையில தூக்குன தண்ணிக்குடத்த இன்னும் எறக்கி வைக்கல. உங்க மகனுக்கு அவளக் கட்டிக்குடுத்தா தண்ணிக்குப் பஞ்சமே இருக்காதுன்னு கல்யாணத் தரகரு சங்கிலிதான் அடிச்சுச் சொன்னாரு. நல்லவேள, நேர்ல வந்து பாத்தேன்!"