மிச்சச் சாய்வு

குஷாய்குடா ஆய்வுக்கூடத்தின் ஜன்னலில் மதிய வெயில் மங்கலாகப் படிந்திருக்கிறது. நீண்ட கண்ணாடிக் குழாய்க்குள் அணுக்கள் சுழன்றபடி ஓடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் உரசினால் அவற்றின் சுழல் அச்சு துளி சாயும். அதைப் பார்க்கத்தான் பிளெசி இத்தனை வருடமாக இங்கே உட்கார்ந்திருக்கிறாள். இன்று திரையில் அச்சைக் காட்டும் கோடு சாய்ந்திருக்கிறது. "அக்கா, இதை ஏன், கைக்கு இங்க வெச்சீங்க?" கூட வேலை செய்யும் வேதா, குழாயருகே இருக்கும் டிபன் கேரியரைக் காட்டுகிறாள். எவர்சில்வரின் லேசான காந்தமே போதும், அச்சைச் சாய்த்துவிடும். "ஹவ், ஆமா... பசியில மறந்துட்டேன்." வேதா கேரியரை வெளியே கொண்டுபோகிறாள், கோங்கூராக் கீரை வாசனையும் கூடவே போகிறது. கோடு பாதி நிமிர்ந்து நின்றுவிடுகிறது. பிளெசி துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கையும் கழற்றி, திரும்பி வந்தவளிடம் கொடுத்தனுப்புகிறாள். மிச்சச் சாய்வு அப்படியே இருக்கிறது.